எங்கள் குப்பை

போன வருஷம் ஒரு ஆளை நான் ஐந்து மாதம் விடாமல் திட்டினேன். அவர் யாரென்றே எனக்குத் தெரியாது. ‘தங்கத் தொண்டை’ என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் டி.வி.யில் வருகிற பாட்டுப் போட்டியில் பாடிய ஒரு பையனுடைய அப்பா. கடைசி வரைக்கும் மகனைப் பார்க்க மேடைக்கு வரவே இல்லை. அந்தப் பையன் அழும்போதெல்லாம் நானும் மூக்கைச் சிந்திக்கொண்டே, “நீயெல்லாம் சோறு திங்கறியா, வேற எதனா திங்கறியா?” என்று டி.வி.யைப் பார்த்துக் கேட்பேன். “அவருக்குக் கேக்கல, கொஞ்சம் சத்தமா சொல்லு” என்பார் என் வீட்டுக்காரர் மோகன்.

நான் அப்படித்தான். எதையாவது பார்த்தால் அதைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. பேர் கலைவாணி. புதூர்நாட்டுப் பக்கம் மலைமேல் எங்கள் சின்ன ஊரில் அங்கன்வாடி டீச்சர். பகலெல்லாம் இருபது பிள்ளைகளுக்கு நரிக்கதை, வேலை முடிந்தால் ஊர்ப் பெண்களுக்கு சினிமாக் கதை. படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்களே என்னிடம் மறுபடி கதை கேட்பார்கள். படத்தைவிட நான் அதைத் திட்டுவது நன்றாக இருக்கிறதாம். போன மாதம் திருப்பத்தூரில் ஒரு படம் பார்த்தோம். ஹீரோ நாற்பது பேரை அடிக்கிறான், சட்டையில் ஒரு சுருக்கம் விழவில்லை. அப்பாவாக வருகிறவர் முதல் பாட்டிலேயே மகனுக்குப் பூரி ஊட்டினார். “இடைவேளைக்கு முன்னாடி இந்தாளு காலி” என்றேன். கையிலிருந்த முறுக்கு தீர்வதற்குள் காலி.

சினிமாவில் நல்ல அப்பா என்றால் சாக வேண்டும். போட்டி நிகழ்ச்சியில் நல்ல அப்பா என்றால் மேடை ஏறி அழ வேண்டும். இரண்டும் எனக்கு அத்துப்படி. அத்துப்படியாக இருந்து என்ன? என் அண்ணனுக்கு என்று வந்தபோது அதை வைத்து ஒரு துரும்பைக்கூட என்னால் நகர்த்த முடியவில்லை.

அண்ணன் பேர் கோபால். அவருடைய மகள் ரம்யாதான் இந்த வருஷம் ‘தங்கத் தொண்டை’யில் பாடினாள். ரம்யா என்பது பள்ளிக்கூடத்துக்கும் ரேஷன் கார்டுக்கும் வைத்த பேர். வீட்டில் அவளுக்குப் பேர் குப்பை.

அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அண்ணி மாதம்மாளுக்கு முதலில் பிறந்தது பையன். எட்டு மாதத்தில் அண்ணன் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு திருவிழாக் கூட்டத்தில் நின்று, “எம் புள்ள மாதிரி இந்த மலையில எவனாச்சும் கீறானா?” என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டார். எட்டாம் நாள் காய்ச்சல் வந்து பிள்ளை போய்விட்டது. அடுத்தது பெண். பார்க்க வந்த யாரிடமோ “மகாலச்சுமி” என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அது நாற்பது நாள்கூடத் தங்கவில்லை. காய்ச்சலுக்கும் வாய்க்கும் சம்பந்தமில்லை என்று இன்றைக்கு நான் தாய்மார்களுக்குப் பாடம் எடுக்கிறேன். அன்றைக்கு எடுத்திருந்தாலும் அண்ணன் காதில் ஏறியிருக்காது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது, அதிலும் பெற்றவன் வாய் எல்லாவற்றிலும் பொல்லாதது என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

மூன்றாவதாக இவள் பிறந்ததும் முறத்தில் கிடத்தி வீட்டுக்குப் பின்னால் இருந்த குப்பைமேட்டில் வைத்தோம். நான் அந்தப் பக்கம் தற்செயலாக வருகிறவள் மாதிரி வந்து, “யாரோ குப்பையில ஒரு புள்ளய போட்டுட்டு போய்ட்டாங்க” என்று எடுத்துக்கொண்டேன். பிறகு ஒரு படி சாமைத் தவிட்டுக்கு அதை என் அண்ணனுக்கே விற்றேன். வேண்டாத பிள்ளை, தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை என்று நம்பிவிட்டால் எமன் திரும்பிப் பார்க்க மாட்டான் என்பது எங்கள் பக்கத்து ஏற்பாடு. எமனும் நம்பித்தான் போனான். இப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது.

அன்றிலிருந்து அண்ணன் அவளைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. பத்தாவதில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தாள். “இன்னாத்த கிழிச்சா, எதோ கிறுக்கி வெச்சிருக்கா” என்றார். சொல்லிவிட்டு, மரத்திலிருந்த பெரிய பலாப்பழம் நாலையும் இறக்கி ஊர் முழுக்க அறுத்துக் கொடுத்தார். அவளும் சிரிப்பாள். “அப்பா இன்னிக்கு ரொம்பத் திட்டுது அத்த, அப்ப மார்க்கு நல்லாத்தான் வந்திருக்கு போல” என்பாள். திட்டு எவ்வளவு பெரிதோ சந்தோஷமும் அவ்வளவு பெரிது என்பது அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியும். எங்களுக்கும் தெரியும்.

நர்சிங் முடித்துவிட்டு திருப்பத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். கூட வேலை செய்த பெண் இவள் பாடியதை போனில் எடுத்து அனுப்பப்போய், போட்டியில் எடுத்துக்கொண்டார்கள். சென்னையில் தங்க வேண்டும். போனை வாங்கி வைத்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டோடு ஐந்து நிமிடம் பேசலாம். அவளை பஸ் ஏற்றிவிடும்போது அண்ணன், “போ போ, தொண்ட கட்டிக்கினு வந்து சேரு குப்ப” என்றார். அவள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி அவர் தலையில் செல்லமாக ஒரு தட்டு தட்டினாள். பஸ் திரும்பும் வரைக்கும் சிரித்துக்கொண்டே போனாள்.

பங்குனியில், ஊரே புளி அடித்துக்கொண்டிருந்த நேரத்தில், டி.வி.க்காரர்கள் மலைக்கு வந்தார்கள். பாடுகிறவர்களின் வீட்டையும் பெற்றோரையும் படம் பிடித்துப் போடுவது வழக்கம். சுவேதா என்று ஒரு பெண்தான் தலைவி. கெட்ட பெண் இல்லை. எல்லோரையும் அப்பா, அம்மா, அக்கா என்று கூப்பிட்டாள். ஆனால் அண்ணன் வீட்டைப் பார்த்ததும் அவள் முகம் தொங்கிவிட்டது. அரசாங்கம் கொடுத்த தொகுப்பு வீடு, நீல பெயின்ட், மேலே டிஷ். “நாங்க வேற மாதிரி எதிர்பார்த்தோம் அக்கா” என்றாள். பின்னால் போய் மாட்டுக்கொட்டகையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. மாட்டை அவிழ்த்துக்கொண்டு போய் வேறிடத்தில் கட்டினோம். சாணியை அள்ளி, அந்த இடத்தில் ஒரு கட்டிலைப் போட்டு, அதுதான் வீடு என்றார்கள். அண்ணி கேமராவைப் பார்த்ததுமே புளியந்தோப்புக்குள் ஓடியவர் சாயங்காலம்தான் வெளியே வந்தார். அண்ணனைச் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். புதுச் சட்டை, இதற்கென்றே எடுத்தது. நான்தான் வாங்கி மடித்து வைத்தேன். எனக்கு எல்லாம் ஒரே தமாஷாக இருந்தது. டி.வி.யில் இத்தனை நாள் பார்த்த குடிசைகளில் எத்தனை மாட்டுக்கொட்டகையோ என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

அண்ணனைக் கட்டிலில் உட்காரவைத்து சுவேதா கேட்டாள்: “உங்க பொண்ணு ஜெயிச்சிடுவாங்களாப்பா?”

இது என்ன கேள்வி? எங்கள் ஊரில் எதிரிகூட ஒரு தகப்பனிடம் இப்படி நேராகக் கேட்க மாட்டான். அண்ணன் பதறிப்போனார்.

“அது எங்கங்க ஜெயிக்கும்? அது குப்பங்க. குப்பைக்கு இன்னா பாட்டு வரும்? தோத்துட்டு வூட்டுக்கு வந்து சேரட்டும்” என்றார். சொல்லிவிட்டுக் கடைவாய்ப் பல் தெரியச் சிரித்தார். சுற்றி நின்ற நாங்களும் சிரித்தோம். இவ்வளவு பெரிய திட்டை அவர் அதுவரை திட்டியதில்லை. அவ்வளவு பூரிப்பு மனுஷனுக்கு.

சுவேதா மட்டும் சிரிக்கவில்லை. கேமராக்காரரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, “அப்பா, அதையே இன்னொரு வாட்டி சொல்லுங்க. சிரிக்காம” என்றாள்.

எனக்கு அங்கேயே உறைத்திருக்க வேண்டும். இருபது வருஷமாக டி.வி. பார்க்கிறவள், இடைவேளைக்கு முன்னால் யார் சாவார்கள் என்று சொல்லத் தெரிந்தவள். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “சிரிக்காதண்ணா, அவங்க சொல்ற மாதிரி சொல்லு” என்றேன். அவரும் சிரிக்காமல் சொன்னார்.

அது டி.வி.யில் வந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. மழை வந்தால் டிஷ் படுத்துவிடும் என்று மோகன் வெளியே நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்திருக்கலாம் அந்த மழை. அண்ணன் அந்தப் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

ரம்யா பாடினாள். அதைப் பற்றி நான் சொல்ல மாட்டேன், சொன்னால் புகழ வேண்டியிருக்கும். பாடி முடித்ததும் மேடையில் இருந்த பெரிய திரையில் மலை வந்தது, மாட்டுக்கொட்டகை வந்தது. ஊரே “ஏய், நம்ம மாடு கட்ற எடம்டா” என்று கூச்சல் போட்டது. அப்புறம் அண்ணன் வந்தார். சட்டையில்லாத உடம்பு, இறுகின முகம். படத்தை மெதுவாக ஓட்டி, கீழே ஒரு சோக வயலினை இழுத்துவிட்டிருந்தார்கள். “அது குப்பங்க. தோத்துட்டு வூட்டுக்கு வந்து சேரட்டும்.” திரை முழுக்கப் பெரிய எழுத்தில், ‘என் மகள் ஒரு குப்பை!’ என்று போட்டார்கள். மகளின் கனவைக் குப்பையாக நினைக்கும் தந்தை என்று ஒரு கனத்த குரல் பேசியது. நடுவர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இப்படியும் ஒரு அப்பாவா? இனிமே உனக்கு அப்பா அம்மா எல்லாம் நாங்கதான்மா” என்றார். அரங்கமே எழுந்து கைதட்டியது.

நிகழ்ச்சி நடத்துகிறவர் ரம்யாவிடம் மைக்கைக் கொடுத்தார். “எங்க அப்பா எப்பவுமே அப்டித்தான்...” என்றாள். அந்த இடத்தில் வெட்டிவிட்டார்கள். அடுத்து அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுவதுதான் வந்தது. அதற்கடுத்து சோப்பு விளம்பரம்.

அவள் பேச்சுக்கு ஒரு வால் இருந்திருக்கும். ‘அதுக்கு அர்த்தம் அது இல்லைங்க’ என்றோ வேறு எப்படியோ. அந்த வாலை யாரோ ஒருவர் சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்து நறுக்கிப் போட்டுவிட்டார். முன்வரிசையிலிருந்து அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

“இன்னா கலை, நான் நல்லாத்தான சொன்னேன்?” என்று கேட்டார்.

அடுத்த நாள் அந்தத் துண்டு எல்லோர் போனிலும் வந்துவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள், இது உலகத்து வாய். அண்ணனுக்கு போனில் படிக்கத் தெரியாதது ஒன்றுதான் புண்ணியம். நான் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன். எந்த ஊரோ ஒரு பெண் எழுதியிருந்தாள்: ‘நீயெல்லாம் சோறு தின்கிறாயா, வேறு எதாவது தின்கிறாயா?’ போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். போன வருஷம் நான் திட்டிய அந்த மனுஷர் யாரோ, எந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னாரோ, அவரைச் சிரிக்க வேண்டாம் என்று யார் சொன்னார்களோ.

அண்ணன் சந்தைக்குப் புளி கொண்டுபோனார். எப்போதும் வாங்குகிற ஒரு அம்மா புளியைக் கையில் எடுத்தவள், முகத்தைப் பார்த்துவிட்டு, “நீதான அந்த டி.வி. அப்பன்?” என்று கேட்டாளாம். “ஆமாங்க” என்றாராம் இவர். அந்த அம்மா புளியைக் கூடையில் திரும்பப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். இதை அவர் சொல்லவில்லை, கூடப் போன மோகன்தான் சொன்னார். “மச்சான் ஒரு வார்த்த எதுத்துப் பேசல கலை. பேசத் தெரியாதா இன்னா? பேசினா அவளப் பத்தி நல்லதா எதனா சொல்லிடுவமோன்னு பயம்” என்றார்.

அதற்கடுத்த ஞாயிறு ரம்யா என் போனுக்குப் பேசினாள். அண்ணனும் அண்ணியும் புளியந்தோப்பில் இருந்தார்கள். சில வாரமாகவே அவள் குரல் சுருங்கித்தான் இருந்தது. காரணம் இப்போதுதான் தெரிந்தது. டி.வி.யில் வருவது மூன்று வாரத்துக்கு முன்னால் எடுத்ததாம். வருவதற்குள் வெளியே சொல்லக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். நாங்கள் பதறியது மூன்று வாரம் ஆறிப்போன அழுகைக்கு.

“இங்க எல்லாரும் என்னைக் குப்பைன்னுதான் கூப்டறாங்க அத்த” என்றாள்.

“அவங்களுக்கு இன்னா தெரியும்? ஒனக்குத் தெரியாதா உங்கப்பாவப் பத்தி?”

“தெரியும் அத்த. தெரிஞ்சா வலிக்காதா? மத்த அப்பாங்க எல்லாம் கேமரா முன்னாடி எம் பொண்ணு தங்கம், வைரம்னு சொன்னாங்க. நான் பக்கத்துல ஒக்காந்து எல்லாத்தையும் கேட்டேன். எங்கப்பா வந்தாரு, குப்பன்னாரு. ஒரே ஒரு வாட்டி சொன்னா இன்னா அத்த?”

பின்னால் யாரோ “டைம் ஆச்சு” என்றார்கள். “அதுக்குன்னு அப்பாவத் திட்டிடாத” என்று அவசரமாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

நான் சுவேதாவுக்கு போன் போட்டேன். வைத்து வாங்கினேன். சிரித்துக்கொண்டு சொன்னதைச் சிரிக்காமல் சொல்லவைத்தது நீதானே என்று கேட்டேன். “அக்கா, நான் ஷூட்டிங் மட்டும்தான். எடிட்டிங் வேற டீம்” என்றாள். எடிட்டிங் டீம் நம்பரைக் கொடு என்றேன். கொடுக்க மாட்டார்களாம். “ஆனா ஒரு வழி இருக்குக்கா” என்றாள். அடுத்த வாரம் பெற்றோர் மேடைக்கு வருகிற சுற்று. “அப்பாவைக் கூட்டிட்டு வாங்க. நான் சொன்னது தப்பு, எம் பொண்ணு தங்கம்னு ஒரே ஒரு லைன் சொன்னா போதும். அரங்கத்துல ஓட்டு போடற மக்கள் கதறிடுவாங்க. ஓட்டு கொட்டும். வரலைன்னா இந்த ரவுண்டு அவங்களுக்கு ரொம்பக் கஷ்டம்கா.”

அந்த நிகழ்ச்சியின் மேல் எனக்கு இருந்த கோபத்துக்கு, மலையை விட்டு இறங்கக்கூடாது என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ‘ஒரே ஒரு வாட்டி’ என்று அந்தப் பெண் கேட்டது என் காதிலேயே நின்றது. அண்ணனிடம் சொன்னேன். ரொம்ப நேரம் புளியங்கொட்டையைக் கையில் உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, “போலாம்” என்றார்.

மோகன் ஜீப்பில் விடிந்ததும் கிளம்பினோம். திருப்பத்தூர் போய் அங்கிருந்து ரயில். அண்ணன் முன்னால் உட்கார்ந்தார், நான் பின்னால். வழியிலேயே பழக்கிவிடலாம் என்று, “எங்க சொல்லு, எம் பொண்ணு தங்கம்” என்றேன்.

“எம் பொண்ணு...” என்றார். ஜீப்புக்கு வெளியே தலையை நீட்டி மூன்று தரம் துப்பினார்.

“துப்பாம சொல்லுண்ணா. மேடையில துப்புவியா?”

“எம் பொண்ணு த...” மறுபடி துப்பினார். மோகன் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அண்ணன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோயிற்று. காலைக் குளிரில் மனுஷனுக்கு நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. மூன்றாவது வளைவில், “நிறுத்து மாப்ள” என்றார். இறங்கி, பாறையில் கையை ஊன்றி நின்றார்.

“என்னால முடியாது கலை. ரெண்டு பேரையும் என் வாயாலதான் அனுப்பி வெச்சேன்.”

“அது காய்ச்சல்ணா! அன்னிக்கு ரோடு இல்ல, ஆஸ்பத்திரி இல்ல. ஒன் வாய்க்கும் அதுக்கும் இன்னா சம்பந்தம்?”

“நீ படிச்சவ. நீ சொல்றது சரியாத்தான் இருக்கும். தப்பா இருந்தா?”

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. நடுரோட்டில் நின்று கத்தினேன். “நீ வரலன்னா அவ தோத்துடுவா! ஒன்னாலதான் தோத்தான்னு ஆயுசுக்கும் இருக்கும்!”

“தோக்கட்டும்” என்றார் அண்ணன். “தோத்தா இருப்பா இல்ல?”

பின்னால் ஒரு பலாப்பழ வண்டி வந்து ஹாரன் அடித்தது. மோகன் ஜீப்பைத் திருப்பினார்.

பத்து நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் ரம்யா அவளுடைய சொந்த நம்பரிலிருந்து கூப்பிட்டாள். ஞாயிறு இல்லை, ஐந்து நிமிடக் கெடு இல்லை என்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது. “வெளிய வந்துட்டேன் அத்த” என்றாள். மற்றவர்களுக்கெல்லாம் பெற்றோர் வந்தார்களாம். இவள் பக்கத்தில் ஒரு காலி நாற்காலியைப் போட்டு, அதன்மேல் ஒரு வெளிச்சத்தையும் போட்டார்களாம். இனி அதுவும் டி.வி.யில் வரும். எப்போது வரும் என்றும் தெரியும், என்ன வரும் என்றும் தெரியும், செய்வதற்குத்தான் ஒன்றும் இல்லை.

போனை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். ஸ்பீக்கரில் போட்டேன். அண்ணி முதலில் பேசினார். சாப்பிட்டியா, உடம்பு எப்படி இருக்கு, எப்ப வர்ற என்று கேட்டார். கூடப் பாடிய பெண்ணின் ரூமில் கொஞ்ச நாள் இருக்கப்போவதாகச் சொன்னாள். வீட்டுக்கு எப்போது என்பதற்குப் பதில் சொல்லவில்லை. அண்ணி போனை அண்ணன் கையில் கொடுத்தார். அவர் அதை உள்ளங்கையில் தண்ணீர் ஏந்துகிற மாதிரி ஏந்திக்கொண்டார்.

“அப்பா.”

“ஆங்.”

“நான் தோத்துட்டேன்பா.”

“ம்.”

“நீங்க ஏன் வரலன்னு எனக்குத் தெரியும். நான் கேக்கல. இங்க கேமரா இல்லப்பா. மைக் இல்ல. யாரும் இல்ல, நான் மட்டும்தான் இருக்கேன். நல்லா பாடனேன்னு ஒரே ஒரு வாட்டி சொல்லுங்கப்பா. யாருக்கும் கேக்காது.”

அண்ணன் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். யாருக்குக் கேட்டுவிடும் என்று பயந்தாரோ அவன் அங்கெல்லாம் நிற்கிற மாதிரிப் பார்த்தார். நான் எதிரில் நின்று கையைக் கூப்பினேன். சொல்லு, சொல்லு என்று வாயசைத்தேன். அவர் வாயைத் திறந்தார்.

“இன்னா பாட்டு பாடின நீ?” என்றார். “காக்கா கத்தற மாதிரி. ஊரே காத மூடிக்கினு ஓடுச்சி. கழுத கூட ஒன்னவிட நல்லா கத்தும். ஒனக்கெல்லாம் எவன் மைக்க குடுத்தான்? இந்த மலையிலயே ஒன்ன மாதிரி கேடு கெட்ட தொண்ட எவளுக்கும் இல்ல. ஏழு ஜென்மத்துக்கும் இருக்காது...” நிறுத்தாமல் திட்டினார். கண்ணிலிருந்து கொட்டி மோவாயில் சொட்டிக்கொண்டே இருந்தது, திட்டிக்கொண்டே இருந்தார். அப்படி ஒரு திட்டை நான் கேட்டதில்லை. ஒரு மனுஷன் தன்னிடம் இருந்த பாராட்டையெல்லாம் அன்றைக்கே கொட்டித் தீர்த்துவிட்டார். கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு, “குப்ப” என்றார். போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துக்கொண்டு அவளுடைய சிரிப்புக்காகக் காத்திருந்தார்.

போனில் ஒரு சத்தம் வந்தது. சின்னதாக, உடைந்த மாதிரி. அப்புறம், “சரிப்பா. வெச்சிடறேன்” என்றாள். வைத்துவிட்டாள்.

அண்ணன் இருண்டுபோன போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“கடசியா சிரிச்சா இல்ல?” என்று கேட்டார்.

அந்தப் பிள்ளையைக் குப்பைமேட்டிலிருந்து தூக்கியவள் நான். அவள் சிரிப்பு எது, அழுகை எது என்று இருபத்திரண்டு வருஷமாக எனக்குத் தெரியும். பக்கத்தில் நின்ற அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

“சிரிச்சாண்ணா” என்றேன். “நல்லாவே சிரிச்சா.”

“பின்ன? எங்க குப்பையாச்சே” என்றார் அண்ணன். கடைவாய்ப் பல் தெரியச் சிரித்தார்.